சிங்க்வே தெர்ரே: 12 கிலோமீட்டர்தானே? – கடிதம்

அன்புள்ள சார்,

அக்டோபர் கடைசி வாரம் நான், மனைவி, அம்மா (64 வயது) மூவரும் இத்தாலி போகிறோம். சிங்க்வே தெர்ரேயின் ஐந்து ஊர்களையும் இணைக்கும் கடலோரப் பாதை மொத்தமே 12 கிலோமீட்டர்தான் என்கிறார்கள். காலையில் மொன்தெரோஸ்ஸோவில் கிளம்பினால் இருட்டுவதற்குள் ரியோமஜோரே போய்விடலாம் என்பது என் கணக்கு. அம்மா வருடம் தவறாமல் பழனிப் படி ஏறுகிறவர். அவரும் வரலாமா? ஷூ அவசியமா, செருப்பு போதுமா?

ஒரு வாசகர், ஈரோடு

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் உங்கள் கணக்கை உடைத்துவிடுகிறேன். கடலோரப் பாதை என்ற பெயரைக் கேட்டு மெரினா போல நினைத்துக்கொள்ளக் கூடாது. பெரும்பகுதி கடலுக்கு நூறு, இருநூறு மீட்டர் மேலே, மலைச்சரிவின் இடுப்பில் ஓடுகிறது. ஒவ்வொரு ஊருக்கும் இறங்கி, மறுபடி ஏற வேண்டும். அதைவிட முக்கியம், பாதை முழுசாக இல்லை. கொர்னீலியா–மனரோலா கடலோரத் துண்டு மண்சரிவால் பல ஆண்டுகளாக மூடிக் கிடக்கிறது.

மிச்சமிருப்பதில் முதல் துண்டு மொன்தெரோஸ்ஸோ–வெர்னாட்ஸா. மூன்றரை கிலோமீட்டருக்கு இரண்டு மணி நேரம் ஆகும். நான்கில் இதுதான் கடினம். எடுத்த எடுப்பிலேயே கல்படிகள். ஒரு படி அரையடி, அடுத்தது முக்கால் அடி. பழனிப் படியில் கால் ஒரு தாளத்துக்கு வந்துவிடும், இங்கே வராது. பல இடங்களில் ஒருவர் நிற்க ஒருவர் போகும் அகலம்தான். எதிரே ஆள் வந்தால் மலைப்பக்கம் ஒதுங்குங்கள், கடல்பக்க விளிம்பில் நிற்காதீர்கள். கூட்டம் மிகும் சில நாள்களில் இந்தத் துண்டை ஒருவழிப் பாதையாக்குகிறார்கள். அப்போது மொன்தெரோஸ்ஸோவிலிருந்துதான் நடக்க முடியும் என்பதால் உங்கள் திசை சரி. வெர்னாட்ஸா–கொர்னீலியா அதே அளவு தூரம், ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். ப்ரேவோ என்ற சிற்றூர் வரை சுமார் 200 மீட்டர் ஏற்றம், பிறகு சுகம். இந்த இரண்டு துண்டுகளுக்கும் கட்டணம் உண்டு. ரயிலும் சேர்ந்த அட்டையை வாங்கிவிடுங்கள், லா ஸ்பெட்ஸியா முதல் லெவான்தோ வரை அன்று முழுக்க ஏறி இறங்கலாம்.

செருப்பு கூடவே கூடாது. செருப்போடு பாதையில் இறங்கினால் 50 முதல் 2,500 யூரோ வரை அபராதம் என்று 2019இல் சிங்க்வே தெர்ரே தேசியப் பூங்கா நிர்வாகமே அறிவித்தது. வழுவழுப்பான அடியுள்ள நடைப்பயிற்சி ஷூவும் ஏறத்தாழ அதே ஆபத்துதான். ஆயிரக்கணக்கான கால்கள் தேய்த்த கல், மழை பெய்தால் எண்ணெய் தடவியதுபோல் ஆகிவிடும். வழுக்குவது பெரும்பாலும் இறக்கத்தில். ஆழமான வரிப்பள்ளம் உள்ள ரப்பர் அடி இருக்கட்டும். ஊர்களில் குடிநீர்க் குழாய் உண்டு, நடுவழியில் இருக்காது. ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள்.

பாதை ஏன் இத்தனை மூடுகிறது என்று கேட்பீர்கள். நடக்கும்போது பக்கத்துச் சுவரைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். காரையே கிடையாது. பெரிய கல் முகப்பில், அதன் பின்னால் சில்லுக்கல் நிரப்பு, அதற்கும் பின்னால் மண். மழைநீர் சில்லுக்கல் வழியாக இறங்கி முகப்பின் இடுக்குகளில் கசிந்துவிடும், அதனால் சுவர் நிற்கிறது. கொடிமுந்திரி பயிரிட்டவர்கள் வருடா வருடம் பெயர்ந்த கல்லைத் திரும்பச் செருகினார்கள். அவர்கள் பிழைப்புக்கு நகரம் போனபின் இடுக்கில் மண் அடைகிறது, வேர் நுழைகிறது, காட்டுப்பன்றி தோண்டுகிறது. வெளியேற வழியில்லாத தண்ணீர் சுவரைத் தள்ள, நடுவில் தொப்பை விழுகிறது. மழைக்கு அடுத்த நாள் அப்படித் தொப்பை தள்ளிய சுவரைக் கண்டால் நின்று படம் எடுக்காமல் கடந்துவிடுங்கள். நல்ல சுவரின் மேலும் உட்கார வேண்டாம். மேல்கல் ஒன்று அசைந்தால் போதும்.

இதனால்தான் உங்கள் தேதி எனக்கு உறுத்துகிறது. கோடையில் சூடான கடல் ஆறுவதற்கு முன் இலையுதிர்கால மழை வந்து இந்தச் செங்குத்துச் சரிவில் மோதும். 2011 அக்டோபர் 25இல் வெர்னாட்ஸாவும் மொன்தெரோஸ்ஸோவும் சேற்றில் புதைந்தன. வெர்னாட்ஸாவின் கடைத்தெருவே மூடிய ஓடையின் மேல் இருக்கிறது, ஓடை பொங்கினால் தெருதான் ஆறு. முடிந்தால் பயணத்தை மாதத் தொடக்கத்துக்கு மாற்றுங்கள். முடியாதென்றால் முந்தின இரவே லிகூரியாவின் (இந்த ஊர்கள் இருக்கும் மாநிலம்) வானிலை எச்சரிக்கையைப் பாருங்கள். ஆரஞ்சு, சிவப்பு என்றால் பாதைகளை மூடிவிடுவார்கள், வாதாடிப் பயனில்லை. இன்னொன்று, அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்புவார்கள். அதன்பின் ஐந்தேகால் வாக்கில் சூரியன் மறைந்துவிடும்.

என் யோசனை, இரண்டு நாள். முதல் நாள் நீங்களும் மனைவியும் மொன்தெரோஸ்ஸோவிலிருந்து வெர்னாட்ஸாவுக்கு நடங்கள். அம்மா ரயிலில் வரட்டும், சில நிமிடம்தான். வெர்னாட்ஸாவில் ரயிலின் சில பெட்டிகள் சுரங்கத்துக்குள்ளேயே நிற்கும். இருட்டைப் பார்த்து இன்னும் ஊர் வரவில்லை என்று உட்கார்ந்துவிடாமல், கதவைத் திறந்து இறங்கச் சொல்லிவையுங்கள். முழங்கால் ஒத்துழைத்தால் பிற்பகல் கொர்னீலியா வரை போகலாம். அந்த ஊர் குன்றின் மேல், ரயில் நிலையம் கீழே, நடுவில் லார்தரீனா என்ற 382 படிகள். பேருந்தும் உண்டு.

இரண்டாம் நாள் மனரோலாவிலிருந்து பேருந்தில் வோலாஸ்த்ரா என்ற மலையூருக்கு ஏறி, அங்கிருந்து கொர்னீலியாவுக்கு இறங்குங்கள். நடைபாதை எண் 586, பிறகு 587. சிவப்பு-வெள்ளைப் பட்டை அடையாளம். கொடிமுந்திரித் தோட்டங்களின் ஊடே, கடல் காலடியில். கட்டணம் கிடையாது. ஐந்து ஊர்களில் எந்தத் துண்டையும்விட நான் இதைத்தான் மேலாகச் சொல்வேன். கொடிகளுக்கு நடுவே ஒற்றைத் தண்டவாளம் ஒன்று சரிவில் ஏறுவதைக் காண்பீர்கள், அறுவடைக் கூடைகளைச் சுமக்கும் குட்டி வண்டிக்கானது. மேலே ஏறி விளையாட அல்ல.

அம்மாவுக்கு வியா தெல்லமோரே, கடலோரப் பாதையின் கடைசித் துண்டு. ரியோமஜோரே–மனரோலா, ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு, ஏறத்தாழ சமதளம். 2012 செப்டம்பரில் பாறை விழுந்து நால்வர் காயமடைந்தபின் மூடி, 2024இல்தான் முழுசாகத் திறந்தார்கள். நேரம் குறித்து முன்பதிவு செய்ய வேண்டும். ரியோமஜோரேயிலிருந்து மட்டுமே நுழைய முடியும். ஆகவே அன்று மாலை கொர்னீலியாவில் ரயில் ஏறினால் மனரோலாவில் இறங்க வேண்டாம். அடுத்த நிலையம் போய், அம்மாவைக் கூட்டிக்கொண்டு திரும்பி நடங்கள். நாலு மணி வாக்கில் முன்பதிவு கிடைத்தால் வெயில் நேர்முகமாக விழும், அம்மாவுக்குத் தொப்பி வேண்டும்.