சுவர் என்றாலே பிரிவினைதானா?

"கதைகளிலும் வாழ்க்கையிலும் சுவரைத் தனிமைக்கும் பிரிவினைக்கும் அடையாளமாகவே காட்டுகிறார்களே, உங்கள் அனுபவத்தில் அது சரியா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பாதி சரி. எந்தப் பாதி என்று சொல்ல எங்கள் வீட்டுச் சுவரிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

எங்கள் வீடு கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறது. ஊர்க்காரர்கள் வாயில் அது திருப்பாப்புலியூர். தாத்தா கட்டிய ஓட்டு வீடு. தெருத் திண்ணை, நடை, நடுவில் முற்றம், பின்னால் கொல்லை. அப்பாவும் சித்தப்பாவும் ஒரே அடுப்பில் சாப்பிட்டவர்கள். 1994-ல் தெருப் பக்கத்து அறை யாருக்கு என்று தொடங்கிய பேச்சு பாகப்பிரிவினைப் பத்திரத்தில் போய் நின்றது. முற்றத்துக்குக் குறுக்கே கோடு விழுந்தது. "என் காசுல கட்டிக்கறேன், யாரையும் கேக்க வேண்டியதில்ல" என்று அப்பா செங்கல் இறக்கினார். எனக்கு அப்போது 11 வயது. நாலரை அங்குலச் சுவர், 8 அடி உயரம், நாலே நாளில் எழும்பிவிட்டது.

ஐந்தாம் நாள் பூச்சு வேலை. எங்கள் பக்கம் முடித்துவிட்டு, கொத்தனார் மறுபக்கம் சாரம் கட்டப் போனார். சித்தப்பா விடவில்லை. "அவரு சுவருதானே, அவரு பக்கம் நின்னே பூசிக்கட்டும்" என்று கதவைச் சாத்திவிட்டார். அப்படியே நின்றுபோனது. எங்கள் பக்கம் வழவழவென்று பூசி, நீலம் கலந்து சுண்ணாம்பு அடித்தது. அந்தப் பக்கம் வெறும் செங்கல்.

அதுவரை "சித்தப்பா ரூம்" என்றிருந்தது அன்றிலிருந்து "அந்தாண்ட" ஆகிவிட்டது. அந்தாண்ட இன்னைக்கு மீன் குழம்பு. அந்தாண்ட யாரோ வந்திருக்காங்க. அந்தாண்ட பொண்ணுக்குக் காய்ச்சலாம். அந்தப் பக்கம் என்பதற்கு எங்கள் பக்கத்து ஊர்களில் எல்லோரும் சாதாரணமாகச் சொல்கிற சொல்தான். ஆனால் கூடப் பிறந்த தம்பி பெயரை எங்கள் அப்பா வாயால் சொல்லி நான் பல வருடம் கேட்கவில்லை.

அந்தப் பக்கத்தை நான் முதல்முதலாகப் பார்த்தது ஆயா, அதாவது எங்கள் பாட்டி, இறந்த அன்று. ஆயா சித்தப்பா பங்கில் இருந்தார். கூட்டத்தில் முற்றத்தின் ஓரமாகப் போய் நின்றேன். திரும்பினால் எங்கள் சுவரின் முதுகு. எனக்கு அது எங்கள் சுவர் என்றே தெரியவில்லை. செங்கல் வரிசைகளுக்கு இடையில் பிதுங்கிய கலவை அப்படியே காய்ந்து நாக்கு நாக்காகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஓர் இடத்தில் அரசங்கன்று முளைத்திருந்தது. சந்துகளில் சித்தி சீப்பில் வந்த முடியைச் சுருட்டிச் செருகி வைத்திருந்தார், பாத்திரக்காரன் வந்தால் போடுவதற்கு. இரண்டு வருடமாக நான் இந்தப் பக்கம் பந்தடித்து விளையாடிய சுவர், சித்தி கண் விழித்தால் முகத்தில் முழிக்கிற சுவர். நாங்கள் கட்டியது. அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து எங்கே சுவரைப் பார்த்தாலும், எந்தக் கதையில் படித்தாலும், இதன் அந்தாண்ட எப்படி இருக்கும் என்றுதான் முதலில் தோன்றுகிறது. யார் கட்டினார்கள், யாரைக் கேட்டுக் கட்டினார்கள் என்பது அடுத்தது.

எங்கள் மாவட்டத்திலேயே பெரிய மதில் சிதம்பரத்தில் இருக்கிறது. நந்தனார் கதையைச் சொல்கிறவர்கள் எல்லோரும் திருப்புன்கூரில் நந்தி விலகியதையும், தில்லையில் அவர் தீயில் இறங்கியதையும்தான் விரிவாகச் சொல்வார்கள். பெரியபுராணத்தில் இரண்டுக்கும் நடுவில் ஒரு கட்டம் வருகிறது. நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று தள்ளித் தள்ளிப் போட்ட மனிதர் கடைசியில் தில்லை எல்லைக்கு வந்துவிடுகிறார். தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட குலத்தில் பிறந்தவர், உள்ளே போக முடியாது. மதிலுக்கு வெளியே நின்று கைகூப்பியபடி, ஊர் எல்லையை இரவும் பகலும் சுற்றிச் சுற்றி வருகிறார். தீயைவிட எனக்கு இந்த இடம்தான் தொண்டையை அடைக்கும். சேக்கிழார் பாடியது 12ஆம் நூற்றாண்டில். அவர் அந்த மதிலை உள்ளே இருந்து காட்டவில்லை, நந்தனார் நின்ற பக்கத்திலிருந்து காட்டுகிறார். திருப்புன்கூரில் நந்தி விலகியது. தில்லையில் மதில் விலகவில்லை. உள்ளே போக வேண்டுமானால் அவர்தான் வெந்து வேறு ஆளாக வேண்டியிருந்தது. பக்திக் கதை என்று மட்டும் இதைப் படித்துவிட்டுப் போக என்னால் முடிவதில்லை.

சரி, சுவர் எல்லாமே இப்படித்தானா என்றால் இல்லை. நான் வேலை பார்ப்பது புதுச்சேரியில். பெரிய வாய்க்காலுக்கு மேற்கே தமிழர் தெருக்களில் பழைய வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். இரண்டு வீட்டுக்கும் நடுவில் பெரும்பாலும் ஒரே சுவர், பொதுச்சுவர். இந்த வீட்டு உத்திரமும் அதன் மேல்தான், அந்த வீட்டு உத்திரமும் அதன் மேல்தான். நினைத்தபோது ஒருவர் இடித்துவிட முடியாது. வாசலில் திண்ணை, அதற்கு முன்னால் தெருவை நோக்கித் தாழ்வாரம், வெயிலுக்கு ஒதுங்க யார் வேண்டுமானாலும் நிற்கலாம். வாய்க்காலைத் தாண்டிக் கிழக்கே போனால் பிரெஞ்சுக்காரர்கள் இருந்த தெருக்கள். அங்கே தெரு ஓரத்திலேயே உயரமான மதில், நடுவில் பெரிய கதவு, வீடு உள்ளே. மஞ்சள் சுவர், காகிதப்பூ, சுற்றுலா வருகிறவர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் எனக்கு அந்தத் திண்ணைத் தெருவின் பொதுச்சுவர்தான் சுவர்.

கோட்டைச் சுவர்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி, கடலூர் தேவனாம்பட்டினத்தில் ஆங்கிலேயர்கள் வைத்திருந்த செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்து இடித்தார். 1761-ல் ஆங்கிலேயர்கள் புதுச்சேரியைப் பிடித்துக் கோட்டையோடு ஊரையும் இடித்தார்கள். இரண்டு சுவரையும் கட்டியவர்கள் கேட்டுக்கொண்டு வரவில்லை, இடித்தவர்களும் கேட்டுக்கொண்டு இடிக்கவில்லை. தேவனாம்பட்டினத்துக் கோட்டையை 1690-ல் ஆங்கிலேயர்கள் மராத்தியரிடம் வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழுகிற தூரம் வரைக்கும் அவர்களுக்குச் சொந்தம் என்று பேச்சாம். சுட்டார்கள். குண்டு விழுந்த எல்லைக்குள் இருந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் வந்தது. அங்கே இருந்தவர்களுக்குத் தலைக்கு மேல் குண்டு போன பிறகுதான் தாங்கள் உள்ளே இருக்கிறோமா வெளியே இருக்கிறோமா என்று தெரிந்திருக்கும்.

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் இருக்கிற கல் சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1980-களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகம் வந்தது. இந்தக் கரையில் வருடத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். துறைமுகத்தின் அலைத் தடுப்பு அதை மறித்துக்கொண்டது. வடக்கே இருந்த நகரக் கடற்கரை கரைந்தது. சாலையைக் காப்பாற்றப் பாறாங்கல் கொட்டினார்கள். சாலை தப்பியது. 2004 சுனாமியில் நகரம் அதிகம் அடிபடாததற்கு இந்தக் கற்களும் ஒரு காரணம், அதையும் சொல்ல வேண்டும். ஆனால் கற்சுவர் எங்கே முடிகிறதோ, அதை ஒட்டி வடக்கே இருக்கிற கரையைக் கடல் அரிக்கும். குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் என்று அரித்துக்கொண்டே போனது. ஒவ்வொரு ஊராகக் கல்லும் கூடவே போனது. அப்புறம் தமிழ்நாட்டு எல்லைக்குள் கோட்டக்குப்பம் பக்கம். படகை இழுத்துப் போட மணல் இல்லை, கரைவலை இழுக்க இடமில்லை. மாலையில் அந்தச் சாலையில் நடக்கிறவர்களுக்குச் சுவர் தெரியும், அலை தெரியும், காற்று நன்றாக இருக்கும். 2018-ல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் செயற்கைத் திட்டு அமைத்த பிறகு அங்கே கொஞ்சம் மணல் திரும்பி வந்திருக்கிறது, பார்க்க சந்தோஷமாக இருக்கிறது. வடக்கே இருக்கிறவர்களுக்கு அந்த மணல் எப்போது வரும்?

மறுபடி எங்கள் வீடு. ஒவ்வோர் ஐப்பசியிலும் எங்கள் பக்கத்துச் சுவரில் ஓதம் ஏறும். முதலில் திட்டுத் திட்டாக நிறம் மாறும். பிறகு சுண்ணாம்பு பொரிந்து கொப்புளம் மாதிரி எழும்பும், விரலால் தொட்டால் மாவாகக் கொட்டும். அப்பா பொங்கலுக்கு முன்னால் சுரண்டி எடுத்து மறுபடி அடிப்பார். அடுத்த மழையில் அதே கதை. இரண்டு தடவை பூச்சையே கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசினார். கொத்தனார் சொல்லிவிட்டார்: "இந்தப் பக்கம் எத்தனை தடவ பூசினாலும் நிக்காதுங்க. தண்ணி அந்தாண்டருந்து எறங்குது. அந்தாண்ட பூசணும்." அப்பா போய்க் கேட்கவில்லை. 17 வருடம்.

2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல். கடலூர்க்காரர்களுக்கு அதைச் சொல்லத் தேவையில்லை. ராத்திரி முழுக்க ஓடு பறக்கிற சத்தம். விடிகிற நேரத்தில் தரை அதிர ஒரு சத்தம் கேட்டது. காற்று அடங்கியதும் போய்ப் பார்த்தால் சுவர் இல்லை. மொத்தமும் அந்தாண்ட சாய்ந்து கிடந்தது. சித்தியின் வெந்நீர் அடுப்பு, துவைக்கிற கல், தகரம் போட்ட குளியலறை எல்லாவற்றின் மேலும் எங்கள் சுவர். சித்தி தினமும் ஐந்து மணிக்கு எழுந்து அந்த அடுப்பைத்தான் பற்ற வைப்பார். அன்றைக்குக் காற்றுக்குப் பயந்து எழுந்து போகவில்லை, அவ்வளவுதான்.

செங்கல் குவியலுக்கு இந்தப் பக்கம் அப்பா, அந்தப் பக்கம் சித்தப்பா. அப்பாவுக்குக் கை நடுங்கியதைப் பார்த்தேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அவ எங்கடா?" 17 வருடத்துக்குப் பிறகு தம்பியிடம் பேசிய முதல் வார்த்தை.

இதனால்தான் 2019 டிசம்பர் 2 அன்று, மேட்டுப்பாளையம் நடூரில் மழைக்கு ஊறிய 20 அடி உயரச் சுவர் வீடுகள் மேல் சரிந்து 17 பேர் இறந்தார்கள் என்ற செய்தி வந்தபோது அப்பா சாப்பிடாமல் எழுந்துவிட்டார். அதைத் தீண்டாமைச் சுவர் என்று அங்கே இருந்தவர்கள் சொன்னார்கள். மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் தலித் மக்களைப் பிரித்துச் சுமார் 600 மீட்டர் நீளத்துக்கு நின்ற சுவரில் 2008 மே மாதம் ஒரு பகுதியை இடித்துப் பாதை விட்டதையும் படித்திருப்பீர்கள். எங்கள் வீட்டு அண்ணன் தம்பிச் சண்டையை அந்தச் சுவர்களோடு சேர்த்து எடை போட மாட்டேன், அவற்றின் கொடுமை வேறு. ஆனால் விழுகிற சுவர் கட்டியவன் பக்கம் விழாமலும் போகும் என்பதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இலக்கியம் என்று கேட்டதால் இன்னும் இரண்டு. பஷீரின் 'மதிலுகள்' மலையாளத்தில் வந்த சின்னக் கதை. திருவனந்தபுரம் சிறையில் ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவில் மதில். இந்தப் பக்கம் பஷீர், அந்தாண்ட நாராயணி. ஒரு சுள்ளி மதிலுக்கு மேலே ஆகாயத்தில் தெரிந்தால் அவள் வந்து நிற்கிறாள் என்று அடையாளம். இருவரும் கடைசி வரை முகம் பார்த்துக்கொள்வதில்லை. அந்த மதில் பிரிக்கத்தான் கட்டியது, ஆனால் இரண்டு பக்கமும் ஆள் நிற்கிறது, இரண்டு பக்கமும் கை வைத்திருக்கிறது. அப்புறம் ராபர்ட் ஃப்ராஸ்ட் 1914-ல் வெளியிட்ட ஒரு கவிதை. பனிக்காலம் முடிந்ததும் பக்கத்துப் பக்கத்து நிலக்காரர்கள் இருவர் எல்லையில் சரிந்த கற்களை ஆளுக்கொரு பக்கம் நடந்தபடி எடுத்து அடுக்குகிறார்கள். இந்தச் சுவர் எதற்கு என்று ஒருவருக்குச் சந்தேகம், மற்றவர் வேண்டும் என்கிறார். அந்தக் கவிதையைச் சுவருக்கு எதிரானது என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் பிடித்தது, வருடத்தில் ஒரு நாளாவது இருவரும் சேர்ந்து நடக்கிறார்கள் என்பதுதான்.

எங்கள் வீட்டில் 2012 சித்திரையில் மறுபடி சுவர் கட்டினார்கள். ஆமாம், மறுபடி சுவர்தான். கேட்கிறவர்கள் எல்லோரும் இங்கே முகம் சுளிப்பார்கள், சேர்ந்துவிட்டீர்கள் என்று நினைத்தோமே என்பார்கள். இரண்டு வீட்டிலும் பிள்ளைகள் வளர்ந்தாகிவிட்டது, அவரவர் குடும்பம் அவரவருக்கு. இந்த முறை ஒன்பது அங்குலச் சுவர், நடுநடுவே தூண், செலவு ஆளுக்குப் பாதி. எவ்வளவு உயரம் என்று அப்பா போய்க் கேட்டார். ஆறடி போதும் என்றார் சித்தப்பா. கொத்தனார் காலையில் எங்கள் பக்கம் பூசினார், மதியத்துக்கு மேல் அந்தப் பக்கம் பூசினார். சித்தி தன் பக்கத்தில் விளக்கு வைக்க ஒரு மாடம் விடச் சொன்னார். அதே இடத்தில் எங்களுக்கும் ஒன்று வேண்டும் என்று அம்மா கேட்டார். ஒரே இடத்தில் இரண்டு பக்கமும் குடைந்தால் நிற்காது என்று கொத்தனார் எங்கள் மாடத்தை இரண்டு முழம் தள்ளி வைத்தார்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் "அந்தாண்ட" என்றுதான் சொல்கிறோம். அங்கேயும் எங்களை அப்படித்தான் சொல்வார்களாம். போன மழையில் எங்கள் பக்கம் தூண் ஓரமாக ஓர் உள்ளங்கை அகலத்துக்கு ஓதம் தெரிந்தது. அப்பா போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டு, அந்தப் பக்கம் என்னவென்று பார்க்கச் சொன்னார். சித்தப்பா போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்: "ஒரு வெடிப்பு விட்டிருக்குண்ணா. மழை நின்னதும் கொத்தனார இங்க வரச் சொல்லு, நான் வீட்லதான் இருப்பேன்."