குன்னூர், கோத்தகிரி போன்ற மலையூர்களில் கார் இல்லாமல் வாழ முடியுமா?

முடியும். கார் இல்லா வாழ்க்கை என்பது வாகனத்தையே தொடாமல் இருப்பதன்று; சொந்தமாக ஒன்றை வைத்துக்கொள்ளாமல், நடையையும் பேருந்தையும் நம்பி அன்றாட வேலைகளை அமைத்துக்கொள்வது.

இதற்கு மலையின் அமைப்பே துணை நிற்கிறது. சமதளம் அரிது என்பதால் கடைவீதியும் பேருந்து நிலையமும் ஒன்றையொன்று ஒட்டியே அமைகின்றன. குன்னூரில் ரயில் நிலையமும் சந்தையும்கூட அப்படித்தான். வண்டி செங்குத்தாக ஏற முடியாததால் சாலை வளைந்து வளைந்து செல்கிறது. ஆனால் மடித்து வைத்த சேலையில் ஒரு மடிப்பிலிருந்து அடுத்ததற்கு விரல் தாண்டுவதுபோல, படிக்கட்டுப் பாதை அந்த வளைவுகளைக் குறுக்கே கடந்துவிடுகிறது. மழையில் பாசி படிந்த படிகளில் மட்டும் கைப்பிடிக் கம்பியை விடாதீர்கள்.

உண்மையான சிரமம் இரவில்தான். எஸ்டேட் குடியிருப்புகளுக்கும் ஹட்டிகள் எனப்படும் படகர் ஊர்களுக்கும் செல்லும் கடைசிப் பேருந்தின் நேரத்தை அறிந்த பிறகே வாடகை வீட்டை முடிவு செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மலை ரயில் இருப்பதால் அதிலேயே தினமும் வேலைக்குப் போய்வரலாம் என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால் 1908-இல் உதகையை எட்டிய அந்த 46 கிலோமீட்டர் பாதையில் நாளொன்றுக்குச் சில ரயில்களே ஓடுகின்றன, கனமழையில் மண் சரிந்தால் அவையும் நின்றுவிடும், கோத்தகிரிக்கோ ரயிலே கிடையாது.