செல்வ இடைவெளி ஏன் கூடுகிறது? நடுத்தர வர்க்கம் ஏன் சுருங்குகிறது?

செல்வ இடைவெளி என்பது வெறும் சம்பள வித்தியாசம் அல்ல. நிலம், வீடு, நகை, பங்குகள் எல்லாவற்றையும் கூட்டி, கடனைக் கழித்தால் மிஞ்சுவதுதான் செல்வம். உலகச் சமத்துவமின்மை ஆய்வகத்தின் மதிப்பீட்டின்படி, 2022-23இல் இந்தியாவின் செல்வத்தில் சுமார் 40 சதவீதம் மேல்தட்டு 1 சதவீதத்தினரிடம் இருந்தது. வருமானத்தில் அவர்கள் பங்கு சுமார் 23 சதவீதம்தான்.

ஏன் இப்படி? உழைப்புக்குக் கூலி ஒரு முறைதான். சொத்து குட்டி போட்டுக்கொண்டே இருக்கும்.

பாம்பன், மண்டபம் பக்கம் விசைப்படகு கரைக்கு வந்ததும் டீசல், ஐஸ் செலவைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பிரிப்பார்கள். ஆட்களுக்கு ஒரு பங்கு, படகுக்கும் வலைக்கும் தனிப் பங்கு. படகுக்கு முதுகு வலிக்காது. மூன்று படகு வைத்திருப்பவர் நாலாவது வாங்குவார். கூலிக்குப் போகிறவரோ 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் நகையை அடகு வைப்பார். நடுவே, கடனில் ஒரே ஒரு படகு ஓட்டுகிறவர்தான் நடுத்தர வர்க்கம். இன்ஜின் ஒருமுறை மக்கர் செய்தால் போதும், அப்புறம் அவரே இன்னொருவர் படகில் கூலிக்கு ஏற வேண்டியதுதான். (மாதச் சம்பளக்காரர்களுக்கு ஆஸ்பத்திரிச் செலவுதான் அந்த இன்ஜின்.)

சரி, நடுத்தர வர்க்கம் சுருங்கினால் எல்லோரும் ஏழையாகிவிட்டார்கள் என்று அர்த்தமா? இல்லை. அமெரிக்காவில் பியூ ஆய்வு மையத்தின் கணக்குப்படி, நடுத்தர வருமானக்காரர்கள் 1971இல் 61 சதவீதம், 2021இல் 50 சதவீதம். அதே காலத்தில் மேல்தட்டு 14இலிருந்து 21 ஆகவும், கீழ்த்தட்டு 25இலிருந்து 29 ஆகவும் கூடியது.