மைனர் மேஜர் செவன்த்: பியானோ கேள்வி பதில்

கேள்வி: அக்கா, மைனர் மேஜர் செவன்த் என்ற கார்ட் (சேர்த்து ஒலிக்கும் சுரங்களின் கூட்டம்) இருக்கிறதே, இது மைனரா மேஜரா? பெயரே குழப்புகிறது.

பதில்: இரண்டும்தான். மைனர் என்பது காந்தாரத்தை, அதாவது மூன்றாம் சுரத்தைச் சொல்கிறது, மேஜர் செவன்த் என்பது நிஷாதத்தை, அதாவது ஏழாம் சுரத்தை. ஏ-யில் ஆரம்பித்தால் ஏ, சி, ஈ, ஜி ஷார்ப் (ஜி-க்கு வலப்பக்கத்துக் கருப்புக் கட்டை). கருப்பு, வெள்ளை எல்லாக் கட்டைகளையும் சேர்த்து எண்ணினால் 3, 4, 4 என்று தாண்டும். கர்னாடக சங்கீதம் கற்றவர்களுக்கு இன்னும் சுலபம்: ச, சாதாரண காந்தாரம், ப, காகலி நிஷாதம். கீரவாணியிலும் கௌரிமனோகரியிலும் ஷட்ஜத்திலிருந்து ஒன்றுவிட்டு ஒன்றாக நான்கு சுரங்களை அடுக்கிப் பாருங்கள், இதே கார்ட் வரும்.

கேள்வி: ஏ மைனர் செவன்த்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

பதில்: ஒரே ஒரு கட்டை. அதில் ஜி, இதில் ஜி ஷார்ப்.

கேள்வி: தனியாக வாசித்தால் காதில் உறுத்துகிறது. தப்பாக அழுத்துகிறேனோ?

பதில்: சரியாகத்தான் அழுத்துகிறீர்கள். ஜி ஷார்ப், தனக்கு மேலே உள்ள ஏ-யைத் தொட ஏங்கிக்கொண்டு நிற்கிற சுரம். அதை அந்தரத்தில் நிறுத்தினால் உறுத்தத்தான் செய்யும். நடக்கவிட்டுக் கேளுங்கள்.

இடது கையில் கீழ் ஏ. வலது கையில் கட்டைவிரல் சி, ஆள்காட்டி விரல் ஈ, சுண்டுவிரல் மேல் ஏ. இது ஏ மைனர். சி-யும் ஈ-யும் அப்படியே இருக்கட்டும். சுண்டுவிரலை எடுத்துவிட்டு மோதிர விரலால் ஜி ஷார்ப். நம் கார்ட் இதுதான். அதே விரலைக் கருப்புக் கட்டையிலிருந்து ஜி-க்குச் சறுக்குங்கள், ஏ மைனர் செவன்த். அப்புறம் நடுவிரலால் எஃப் ஷார்ப், ஏ மைனர் சிக்ஸ்த். ஒவ்வொன்றுக்கும் நான்கு எண்ணிக்கை கொடுங்கள். உறுத்திய அதே சுரம் இப்போது படி இறங்குகிற மாதிரி கேட்கும். என் மாணவர்களுக்கு முதலில் இந்த இறக்கத்தைத்தான் வாசிக்கக் கொடுப்பேன், கார்டின் பெயரை அப்புறம்தான் சொல்வேன்.

கேள்வி: மேலே உள்ள மூன்று சுரங்களை மட்டும் வாசித்தால் என் கீபோர்டு திரையில் சி ஆக்மென்டட் என்று காட்டுகிறது, டீச்சர்.

பதில்: கீபோர்டு சொல்வது சரி. சி, ஈ, ஜி ஷார்ப் மூன்றும் நாலு நாலு கட்டை இடைவெளியில் இருப்பதால் எது ஆதாரம் என்று காதுக்குப் பிடிபடாது. இந்த கார்டின் தவிப்பே அங்கிருந்துதான் வருகிறது. கீழே ஏ ஒலித்ததும் தெளிவாகிவிடும். அதனால் இடது கை ஏ-யை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: மகளுக்கு ஒன்பது வயது. ஏ-யிலிருந்து ஜி ஷார்ப் வரை கை எட்டவில்லை.

பதில்: ஒரே கையில் எட்ட வேண்டியதில்லை. ஏ இடது கைக்கு, மற்ற மூன்றும் வலது கைக்கு. அதுவும் சிரமமென்றால் ஈ-யை விட்டுவிடலாம், கார்டின் குணம் மாறாது. சி-யும் ஜி ஷார்ப்பும் மட்டும் கட்டாயம் வேண்டும்.

கேள்வி: இதை எங்கே கேட்டிருப்பேன்?

பதில்: ஜேம்ஸ் பாண்ட் படங்களின் தீம் இசை, 1962-இல் வந்தது. கடைசியில் கிட்டாரில் தனியாக ஒரு கார்ட் விழுமே, அது ஈ மைனர் மேஜர் செவன்த், கூடவே ஒன்பதாம் சுரம் எஃப் ஷார்ப். பியானோவில் இடது கையில் ஈ, பி. வலது கையில் ஜி, டி ஷார்ப், மேலே எஃப் ஷார்ப். ஒவ்வொன்றாக அடுக்கிவிட்டு, பெடலை அழுத்தியபடியே ஒலி அடங்கும் வரை கேளுங்கள்.