வாசகர் கேள்வி–பதில்: எல்லை தாண்டியவர் தலையில் மட்டுமா பொறுப்பு?

கேள்வி: ஐயா, எங்கள் குடியிருப்பில் உரிய ஆவணமின்றி நாட்டுக்குள் குடியேறுபவர்கள் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், "திருட்டுத்தனமாக நாட்டுக்குள் வந்தவன் பட்டுத்தான் ஆக வேண்டும்; அவனுக்காக இரக்கப்படுவது குற்றத்துக்குத் துணைபோவது" என்றே பெரும்பாலோர் சொல்கிறார்கள். எனக்கும் அதுவே சரி என்று படுகிறது. தங்கள் கருத்து என்ன? (வாசகர், ஓசூர்)

பதில்: உங்கள் அக்கம்பக்கத்தார் சொல்வதில் பாதியை நான் ஏற்கிறேன். தன் எல்லைக்குள் யார் வரலாம், எத்தனை நாள் தங்கலாம் என்று தீர்மானிக்கும் உரிமை எந்த நாட்டுக்கும் உண்டு. அதைத் தெரிந்தே மீறுகிறவர் விளைவையும் ஏற்றாக வேண்டும். 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டத்தின்படி, உரிய பாஸ்போர்ட்டும் விசாவும் இல்லாமல் இந்தியாவுக்குள் நுழைபவருக்கு 5 ஆண்டு வரை சிறையோ, 5 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டும் சேர்ந்தோ விதிக்கலாம். போலி ஆவணம் காட்டினால் 2 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறை. சட்டம் கைகட்டிக்கொண்டிருக்கிறது என்று யாரும் வருந்த வேண்டியதில்லை.

ஆனால் அந்தப் பொறுப்பு முழுவதையும் பிடிபட்டவர் ஒருவர் தலையில் இறக்கிவைத்துவிட்டு மற்ற எல்லோரும் கைகழுவிக்கொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை. வங்கதேசத்திலிருந்து வந்து திருப்பூர்ப் பகுதியில் வேலை செய்தவர்கள் கைதான செய்திகளை 2025-இல் படித்தோம். அப்படி ஒருவர் இவ்வளவு தூரம் வந்து சேர, பணம் வாங்கிக்கொண்டு எல்லை தாண்டவைத்த தரகர், போலி ஆதார் எடுத்துக் கொடுத்தவர், எதையும் விசாரிக்காமல் ஆள் சேர்த்த ஒப்பந்ததாரர், குறைந்த கூலிக்கு ஆள் கிடைத்ததே போதும் என்றிருந்த முதலாளி, வெளிநாட்டவர் தங்கினால் தகவல் தர வேண்டும் என்ற விதியைப் பொருட்படுத்தாமல் முன்பணம் வாங்கிக்கொண்ட வீட்டுக்காரர் என்று எத்தனையோ பேரின் கை தேவைப்படுகிறது. செய்தித்தாளில் வரும் படமோ பெரும்பாலும் வந்தவருடையது மட்டும்தான். மலேசியச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது: உரிய அனுமதி இல்லாதவரை வேலைக்கு வைத்தால் முதலாளிக்கு ஆள் ஒன்றுக்கு 10,000 முதல் 50,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும், 5 பேருக்கு மேல் வைத்திருந்தால் சிறையோடு பிரம்படியும் உண்டு.

இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். 2025 பிப்ரவரி 5 அன்று அமெரிக்க ராணுவ விமானம் ஒன்று 104 இந்தியர்களை அமிர்தசரஸில் இறக்கிவிட்டது. கைகளிலும் கால்களிலும் விலங்கிட்டு அவர்களைக் கொண்டுவந்த விதத்தைக் கண்டு நாடே கொதித்தது. பிழைக்கப் போன பிள்ளைகளை இப்படியா நடத்துவது என்று நாம் எல்லோரும் கேட்டோம். அந்தக் கோபம் நியாயமானது. அவர்களும் அமெரிக்கச் சட்டத்தின் கண்ணில் திருட்டுத்தனமாக வந்தவர்களே. நம் பிள்ளைக்கு ஒரு நியாயம், ஊரான் பிள்ளைக்கு ஒரு நியாயம் என்று வைத்துக்கொண்டு நாம் பேசும் பொறுப்பு, பொறுப்பே அல்ல. தெரிந்து செய்தாரா, வேறு வழி இருந்ததா, அதனால் லாபம் அடைந்தவர் யார் என்று எல்லோரையும் ஒன்றுபோல் கேட்டுவிட்டு, அதன் பிறகு தண்டனையைப் பற்றிப் பேசுவோம்.

கேள்வி: சிப்காட் பகுதியில் வட மாநிலத்தவர் பெருகிவிட்டார்கள். இதுவும் ஊடுருவல்தானே? (வாசகர், சூளகிரி)

பதில்: இல்லை. அவர்கள் இந்தியக் குடிமக்கள். நாட்டின் எந்தப் பகுதிக்கும் செல்லவும் அங்கே குடியிருக்கவும் அரசியலமைப்பின் 19-ஆம் பிரிவு அவர்களுக்கு உரிமை தந்திருக்கிறது. அதே உரிமையில்தான் தருமபுரியிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் நம் மக்கள் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறார்கள். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வட மாநிலத்தவர் தாக்கப்படுவதாகப் பரவிய பொய்யான வீடியோக்களால் பீகார்த் தொழிலாளர்களிடையே எவ்வளவு பீதி பரவியது என்பதைப் பார்த்தோம். 'ஊடுருவல்' என்ற சொல்லைத் தயவுசெய்து அவர்கள் மீது பயன்படுத்தாதீர்கள்.

கேள்வி: ஐயா, என் தம்பி மகன் ஒன்பதாம் வகுப்பு வரை படித்தவன். மலேசியாவில் ஓட்டல் வேலை இருக்கிறது, விசாவே வேண்டாம், போன பிறகு பெர்மிட் மாற்றிக்கொள்ளலாம் என்று ஏஜென்ட் ஒருவர் ஒன்றரை லட்சம் கேட்கிறார். அனுப்பலாமா? (வாசகி, பென்னாகரம்)

பதில்: அனுப்பாதீர்கள், அம்மா. 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் விசா இல்லாமல் மலேசியாவுக்குச் சென்று 30 நாள் வரை தங்கலாம் என்பது உண்மை. அந்தச் சலுகை சுற்றிப் பார்க்கச் செல்வோருக்கு உரியது. வேலை செய்வதற்கு அது அனுமதி அல்ல. 31-ஆம் நாளிலிருந்து உங்கள் தம்பி மகன் அந்த நாட்டில் கள்ளக்குடியேறி. பிடிபட்டால் 10,000 ரிங்கிட்டுக்குக் குறையாத அபராதமோ, 5 ஆண்டு வரை சிறையோ, இரண்டும் சேர்ந்தோ விதிக்கச் சட்டம் உண்டு. அந்த நிலையில் சம்பளம் தராவிட்டாலும் அடித்தாலும் போலீஸ் நிலையத்தின் பக்கம் அவன் போக முடியாது. அது அவனை வேலைக்கு வைப்பவருக்கும் நன்றாகத் தெரியும்.

பத்தாம் வகுப்பு தேறாதவருக்கு 'இ.சி.ஆர்.' பாஸ்போர்ட் தருகிறார்கள். அதை வைத்திருப்பவர் மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக வேண்டுமானால் அரசின் குடிபெயர்வு அனுமதி பெற வேண்டும். சம்பளம் எவ்வளவு, முதலாளி யார், ஒப்பந்தம் என்ன என்பதெல்லாம் அப்போதுதான் பதிவாகும்; 10 லட்சம் ரூபாய்க்கான காப்பீடும் அதோடு சேர்ந்து கிடைக்கும். சுற்றுலாப் பயணி என்று சொல்லி ஏறினால் இந்தப் பாதுகாப்பு அத்தனையும் போய்விடும். ஏஜென்ட்டுக்கு வேண்டியதும் அதுதான். 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்ற முகவர் மட்டுமே ஆள் அனுப்பலாம். அவர் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் மட்டுமே. அவருடைய பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, அரசின் 'இ-மைக்ரேட்' இணையதளத்தில் சரிபாருங்கள். எண் தர மறுத்தால் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளுங்கள்.

தம்பி மகனிடம் இதையெல்லாம் எடுத்துச் சொல்லுங்கள். இதுவரை ஏமாற்றப்பட இருந்தவன் அவன். எல்லாம் தெரிந்த பிறகும் அதே வழியில் போனால் பொறுப்பில் ஒரு பங்கு அவனுக்கும் வந்துவிடும்.

கேள்வி: அணையை ஒட்டிய இலங்கைத் தமிழர் முகாமில் பிறந்து வளர்ந்தவள் நான். அப்பா முகாம்வாசி, அம்மா உள்ளூர்க்காரர். எங்களையும் சட்டவிரோதக் குடியேறிகள் என்கிறார்கள். நான் எந்தத் தவறுக்குப் பொறுப்பு? (வாசகி, கிருஷ்ணகிரி மாவட்டம்)

பதில்: எந்தத் தவறுக்கும் நீங்கள் பொறுப்பல்ல, மகளே. 1983 முதல் உயிருக்குத் தப்பிப் படகேறியவர்களிடம் பாஸ்போர்ட் கேட்பதே கொடுமை. அவர்கள் பிள்ளைகளிடம் கேட்பதை என்னவென்பது? ஆனாலும் குடியுரிமைச் சட்டம் அப்படித்தான் இருக்கிறது. 1987 ஜூலை 1-க்கு முன் இந்த மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும் இந்தியக் குடிமகன். அன்று முதல் 2004 டிசம்பர் 3-க்கு முன்புவரை பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருந்தால் போதும். அதற்குப் பிறகு பிறந்தவருக்கோ, ஒருவர் இந்தியராக இருந்தும் மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி' என்றால் குடியுரிமை இல்லை. ஒரே தாய் தந்தைக்கு 2003-இல் பிறந்த அண்ணன் குடிமகன், 2006-இல் பிறந்த தங்கை குடிமகள் அல்ல என்ற நிலையை நம் சட்டமே உண்டாக்கியிருக்கிறது. அண்டை நாடுகளின் சிறுபான்மையினருக்குக் குடியுரிமை பெற வழி செய்த 2019 திருத்தமும் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றோடு நின்றுவிட்டது, இலங்கையைத் தொடவில்லை. 2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து 2025 செப்டம்பரில் விலக்கு கிடைத்திருக்கிறது. அது நிம்மதி தரும் செய்திதான், குடியுரிமை ஆகாது.

உங்கள் பிறந்த தேதியை நீங்கள் எழுதவில்லை. 2004 டிசம்பர் 3-க்கு முன் பிறந்தவர் என்றால், பிறப்புச் சான்றிதழையும் அம்மாவின் இந்தியக் குடியுரிமைக்கான சான்றுகளையும் வைத்துக்கொண்டு பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பியுங்கள். மறுத்தால் எழுத்துமூலம் காரணம் கேளுங்கள்; மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பார். 1986-இல் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் வழங்குமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022-இல் உத்தரவிட்டது. அவர் 2024 தேர்தலில் வாக்களித்தார். நீங்கள் அந்தத் தேதிக்குப் பிறகு பிறந்தவர் என்றால், சட்டத்தை மாற்ற வேண்டிய பொறுப்பு வாக்குரிமை உள்ள எங்களுடையது.