உட்தெருவுக்குத் தாரா, சிமென்ட்டா, பேவர் பிளாக்கா?

கேள்வி: கிருஷ்ணகிரியில் எங்கள் மனைப்பிரிவின் உட்தெரு 100 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் கொண்டது. பழைய தார்ச்சாலை பெயர்ந்துவிட்டது. சிலர் சிமென்ட் சாலை கேட்கிறார்கள், சிலர் பேவர் பிளாக் கேட்கிறார்கள். கார்களும் எப்போதாவது ஒரு தண்ணீர் லாரியும்தான் வருகின்றன. சுற்றுச்சூழலுக்கு எது குறைந்த கேடு?

பதில்: முதலில் கரிக் கணக்கைப் பார்ப்போம். உங்கள் தெருவுக்கு 15 செ.மீ. தடிமனில் சிமென்ட் சாலை போட்டால் 75 கன மீட்டர் கான்கிரீட், அதாவது ஏறத்தாழ 26 டன் சிமென்ட் தேவைப்படும். சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 1,450 டிகிரி வெப்பத்தில் சுடுவதால் அந்தச் சிமென்ட்டிலிருந்து மட்டுமே 20 டன் அளவுக்குக் கரியமில வாயு வெளியேறியிருக்கும். லாரி வரும் தெருவுக்கு 80 மி.மீ. பேவர் பிளாக் வேண்டும். அதற்கு 16 டன் சிமென்ட் போதும். 3 செ.மீ. தார்க் கலவைக்கோ இரண்டு மூன்று டன் வாயுதான் கணக்கில் வரும். ஆனால் தார்ச்சாலையைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் போட வேண்டும் என்பதால், கால் நூற்றாண்டுக்குக் கூட்டிப் பார்க்கையில் இந்த இடைவெளி பெரிதும் சுருங்கிவிடுகிறது. நிலக்கரிச் சாம்பல் கலந்த பிபிசி (PPC) சிமென்ட்டைக் கேட்டு வாங்கினால், சிமென்ட் சாலை, பேவர் இரண்டின் கணக்கும் கணிசமாகக் குறையும்.

ஆகவே உங்கள் ஊரில் முடிவைத் தீர்மானிக்க வேண்டியது தண்ணீர் என்பதே என் கருத்து. கிருஷ்ணகிரி, தர்மபுரி இரண்டும் கடினப் பாறைப் பகுதிகள். பாறை வெடிப்புகளிலும் அதன் மேலுள்ள சிதைந்த அடுக்கிலும் தங்கும் மழைநீரை நம்பியே போர்வெல்கள் இருக்கின்றன. ஃப்ளோரைடு மிகுந்த நிலத்தடி நீரால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே தேவைப்பட்டது. உங்கள் தெருவில் ஒரு செ.மீ. மழை பெய்தால் 5,000 லிட்டர் நீர் விழுகிறது. தாரும் சிமென்ட்டும் அதில் பெரும்பகுதியைக் கால்வாய்க்குத் தள்ளிவிடும்.

பேவர் பிளாக் என்றாலே நீர் இறங்கிவிடும் என்று நம்பிவிட வேண்டாம். நம் ஊர்களில் பெரும்பாலும் அடியில் சிமென்ட் கான்கிரீட் போட்டு, இடுக்குகளையும் சிமென்ட் பாலால் அடைத்து, சுவருக்குச் சுவர் பதித்துவிடுகிறார்கள். அதற்குச் சிமென்ட் சாலையே மேல். நீர் இறங்க வேண்டுமானால், அடியில் தூள் கலவாத ஜல்லியை நன்கு அழுத்தி, அதன்மேல் சிறு சிப்ஸ் ஜல்லியைப் பரப்பி, இடுக்குகளிலும் அதே சிப்ஸை நிரப்ப வேண்டும். இரு ஓரங்களிலும் கற்களை உறுதியாக நட்டால்தான் பிளாக்குகள் நகராமல் நிற்கும். இடுக்கில் மண் அடைத்துக்கொள்ளும் என்பதால் அவ்வப்போது சுத்தம் செய்து சிப்ஸ் நிரப்புவதும் உங்கள் பொறுப்பு. குழாய் பதிக்கத் தோண்டினால் அதே பிளாக்குகளை எடுத்து மீண்டும் பதிக்கலாம். உடைத்த கான்கிரீட்டோ கட்டடக் கழிவாகத்தான் போகும்.

வெப்பத்தைப் பொறுத்தவரை, புதுத் தார் வெயிலில் 5 சதவீதத்தையே திருப்பி அனுப்புகிறது. புதுக் கான்கிரீட் 35 சதவீதத்துக்கு மேல் அனுப்பினாலும் அழுக்கேற ஏற அது குறையும். ஓரத்தில் இரண்டடி மண் விட்டு வேம்பு நடுவது இதைவிடப் பயன் தரும்.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். உங்கள் சுற்றுவட்டாரத்துக் கிரானைட் தொழிற்கூடங்களில் மிஞ்சும் துண்டுக் கற்களை, பளபளப்பு ஏற்றாத சொரசொரப்பான முகம் மேலே இருக்கும்படி இதே ஜல்லிப் படுகையில் பதித்தால், சுடும் வேலையே இல்லாமல் பல பத்தாண்டுகள் உழைக்கும். கூலி கூடும், பதிக்கத் தெரிந்த ஆளும் வேண்டும். ஆயினும் கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு இதை விசாரிக்காமல் விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. இதற்கென்று புதிதாகக் குவாரிக் கல் வெட்டினால் அந்தச் சாதகத்தில் ஒரு பங்கு போய்விடும்.

வீட்டுச் செப்டிக் டேங்க் வழிந்து தெருவுக்கு வரும் இடத்தில் மட்டும் நீர் இறங்கும் தளம் கூடாது. முதலில் அதைச் சரிசெய்யுங்கள். பெரும்பான்மையோர் தாரையே விரும்பினால், பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதியதைப் போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் தெரு உயர்ந்து மழைநீர் வீட்டு வாசலுக்குள் வரும்.