கொழுப்பை நிறுத்தினால் குடல் புற்று பட்டினி கிடக்குமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டிய என் மாமனாருக்கு வயது 64. பெருங்குடலின் வலப்பக்கத்தில் மூன்றாம் கட்டப் புற்று. அறுவை முடிந்து கீமோ நடக்கிறது. தெரிந்தவர் மூலம் வந்த 'ஆலோசகர்' ஒருவர், கொழுப்புதான் புற்றுக்குத் தீனி என்று சொல்லி எண்ணெய், தேங்காய்ப் பால், முட்டை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். கொழுப்பைக் கரைக்கும் தூள் மூன்று மாதத்துக்கு 1,800 ரிங்கிட் என்கிறார். மாமா இளைத்துக்கொண்டே போகிறார். என்ன செய்வது?"

முதலில் முட்டையைத் திரும்பக் கொடுங்கள், அம்மா. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

ஆலோசகர் சொன்னதில் பாதி உண்மை இருப்பதுதான் தொல்லை. புற்றுச் செல் இரண்டாகப் பிரிய, புதிய செல்லைப் போர்த்த ஒரு சவ்வு வேண்டும். அந்தச் சவ்வுக்குக் கொழுப்பு வேண்டும். ஆனால் குடல் புற்றுச் செல் உங்கள் சமையலறையை நம்பி இருப்பதில்லை. கொழுப்பு செய்யும் நொதி ஒன்றை முடுக்கிவிட்டு, சர்க்கரையிலிருந்து தானே தயாரித்துக்கொள்கிறது. கடையில் மாவு இல்லையென்றால் வீட்டிலேயே அரைத்துக்கொள்ளும் குடும்பம் போல. அது முதலில் செய்வது பால்மிட்டிக் அமிலம். செம்பனை எண்ணெயில் ஏறக்குறைய 44 சதவீதம் இருப்பதும் அதே சரக்குதான்.

அப்படியானால் சோற்றை நிறுத்தலாமே என்று கிளம்பிவிடாதீர்கள். சர்க்கரை குறைந்தால் அதே செல் கொழுப்பை எரித்துப் பிழைக்கும். பட்டினி கிடப்பது மாமாதான். தசை கரைந்தவர் கீமோவைத் தாங்குவது கடினம். மருந்தின் அளவைக் குறைக்க நேரலாம், சிகிச்சை தள்ளிப்போகலாம்.

எலிகளுக்குக் கொழுப்பு மிகுந்த உணவை மாதக்கணக்கில் கொடுத்தபோது குடலில் புதிய செல்களை உருவாக்கும் மூலச் செல்கள் (ஸ்டெம் செல்கள்) பெருகி, கட்டிகள் எளிதாக உருவானதாக 2016இல் ஓர் ஆய்வு வந்தது. தூள் விற்பவர்களுக்கு இது அல்வா. புற்று எப்படித் தொடங்குகிறது என்று எலியில் பார்த்த ஆய்வு அது. அறுவை முடிந்த மனிதருக்கு என்ன கொடுப்பது என்று அது பேசவே இல்லை.

அந்தப் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கும் அரசுப் பதிவு எண் இருக்கலாம், பளபளக்கும் முத்திரையும் இருக்கலாம். எண் 'டி' என்ற எழுத்தில் முடிந்தால் பாரம்பரிய மருந்து, 'என்' என்றால் ஊட்டச்சத்துப் பொருள். பதிவு பெற்றது என்பதற்காகப் புற்றைக் குணப்படுத்தும் என்று ஆகிவிடாது. புற்றைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதே 1956ஆம் ஆண்டு மருந்து விளம்பரச் சட்டப்படி குற்றம். அதனால்தான் இவர்கள் சுவரொட்டி ஒட்டுவதில்லை, வரவேற்பறையில் வந்து உட்காருகிறார்கள். எண்ணே இல்லையென்றால் வாயில் வைக்கவே வேண்டாம்.

கொழுப்பைக் குறைக்க வேண்டாம் என்பதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு, அது உங்கள் மாமனாருக்குப் பொருந்தலாம். வலப்பக்கக் குடலை எடுக்கும்போது சிறுகுடலின் கடைசித் துண்டும் சேர்ந்து போகும். கொழுப்பைச் செரிக்க உதவும் பித்த உப்பு திரும்ப உறிஞ்சப்படும் இடம் அது. அந்த இடம் போய்விட்டால் பித்த உப்பு பெருங்குடலுக்குள் இறங்கிச் சிலருக்குத் தண்ணீராகப் போகும். தேங்காய்ப் பால் கறி சாப்பிட்ட பிறகு இது கூடுகிறதா, மலம் எண்ணெய்ப் பசையோடு மிதக்கிறதா, இரவில் எழுப்புகிறதா என்று கவனித்து எழுதி வையுங்கள். அப்படி இருந்தால் அவருக்கு மட்டும் கொழுப்பைக் குறைக்கலாம், நிறுத்தக் கூடாது. பித்த உப்பைப் பிடித்துவைக்கும் தூள் மருந்து மருத்துவமனையிலேயே உண்டு. கீமோவாலும் கிருமியாலும் இதே போல் போகும் என்பதால் நீங்களாக முடிவு செய்யாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இதையெல்லாம் வீட்டுக்கு அனுப்பும் நாளிலேயே யாராவது சொல்லியிருக்க வேண்டும். கையில் ஒரு மலாய்த் துண்டறிக்கையைத் திணித்து, உணவியலாளரைப் பார்க்க மாதக்கணக்கில் தள்ளி ஒரு தேதியும் கொடுத்தால், அந்த இடைவெளியில் தூள்காரன் வராமல் வேறு யார் வருவார்? அடுத்த கீமோவுக்குப் போகும்போது, இளைத்துவிட்டார், உணவியலாளரை இன்றே பார்க்க வேண்டும் என்று தாதியிடம் அழுத்திச் சொல்லுங்கள். வாரம் ஒருமுறை எடை பார்த்துக் குறித்த தாளையும் நீட்டுங்கள். அதுவரை முட்டை, மீன், பருப்பு, தாளிக்க எண்ணெய் எல்லாம் வழக்கம்போல் இருக்கட்டும். பணம் ஏற்கெனவே கொடுத்திருந்தால் ரசீதையும் பாக்கெட்டையும் எறியாமல் சுகாதார அமைச்சின் மருந்தக அமலாக்கப் பிரிவில் புகார் கொடுங்கள்.